அடிவார ஊர்களில் காட்டுத் தீயும் தண்ணீரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசி பிறந்துவிட்டால் மதுரையைச் சுற்றி பாலமேடு, நத்தம், சாப்டூர் பக்கத்து அடிவார ஊர்களில் ராத்திரி மலையைப் பார்ப்பது ஒரு பழக்கமாகிவிடும். எங்காவது ஒரு சிவப்புக் கோடு நெளிந்துகொண்டிருக்கும். மறுநாள் டீக்கடையில் பேச்சு முழுக்க அதுதான்: தண்ணீர் கொண்டு போயிருக்கலாமே, டேங்கர் அனுப்பியிருக்கலாமே, ஹெலிகாப்டர் வந்திருக்கலாமே. ஒரே சந்தேகங்களைப் பல ஊர்களில் கேட்டுக் கேட்டு, பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் என்ன என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

மலையில தீ தெரியுது. முதல்ல யாருக்குச் சொல்லணும்?

தீயணைப்புத் துறைக்கு 101. பொது அவசர எண் 112. மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. இவற்றோடு உங்கள் வனச்சரக அலுவலக எண்ணும், உங்கள் பகுதி வனக்காப்பாளரின் செல் எண்ணும் ஊரில் நாலு பேரிடமாவது இருக்க வேண்டும். வனத்துறையின் காப்புக்காட்டுக்குள் எரிகிற தீக்கு முதலில் வந்து நிற்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

"மலை எரியுது, சீக்கிரம் வாங்க" என்று மட்டும் சொன்னால் வருகிறவர் எந்தப் பக்கம் திரும்புவார்? எந்தக் கோயிலுக்கு மேலே, யார் தோட்டத்துக்கு நேராக, தீ மேலே ஏறுகிறதா ஊர்ப்பக்கம் இறங்குகிறதா, வண்டி எதுவரை வரும், பக்கத்தில் தண்ணீர் எங்கே கிடைக்கும். இந்த ஐந்தையும் சொல்லுங்கள். கடைசி இரண்டைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

தீன்னா தண்ணி ஊத்தித்தானே அணைக்கணும்? வனத்துறை ஆளுங்க ஏன் பச்சைக் கொப்ப வச்சு அடிக்கிறாங்க?

நம் பக்கத்து மலைகளில் எரிவது பெரும்பாலும் தரைத் தீ. காய்ந்த சருகு, போதைப்புல், உண்ணிச்செடிப் புதர் இவைதான் தீனி. தீ ஒரு மெல்லிய கோடாக நகரும். கோட்டுக்குப் பின்னால் கரி, முன்னால் காய்ந்த புல். அந்தக் கோட்டைப் பச்சை இலைக் கொப்பால் அமுக்கி அடித்தால் காற்று போகாமல் தீ அணையும். அதற்கு முன்னாலேயே சருகைக் கூட்டி ஒதுக்கி, மண் தெரிய ஒரு பாதை போட்டுவிட்டால் தீ அங்கே வந்து தானாக நின்றுவிடும். அதுதான் தீத்தடுப்புக் கோடு.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இருபது லிட்டர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு பாறை மேல் ஏறுகிற ஆள், அரை மணி நேரம் கழித்து மேலே போய்ச் சேரும்போது தீ வேறு சரிவுக்குப் போயிருக்கும். கொப்புக்கு அந்தச் சிக்கல் இல்லை, போகிற இடத்திலேயே ஒடித்துக்கொள்ளலாம். ஆகவே மேலே கொப்பும் கோடும், கீழே தண்ணீர். இந்தக் கேள்வி பதிலில் நான் சொல்ல வந்ததே கிட்டத்தட்ட இவ்வளவுதான். மீதி எல்லாம் அந்தக் கீழே உள்ள தண்ணீரை எப்படித் தயாராக வைப்பது என்பது பற்றி.

அப்ப ஊர்க்காரங்க கொண்டு வர்ற தண்ணிக்கு என்ன வேலை?

நிறைய வேலை. ஊரின் மலைப்பக்க ஓரத்தை, அதாவது கடைசி வீடுகள், வைக்கோல் படப்பு, ஆட்டுக்கிடை, தோட்டத்து வேலி இவற்றைத் தீ வருவதற்கு முன்னால் நனைத்து வைப்பது முதல் வேலை. தீயணைப்பு வண்டி காலியானதும் மறுபடி நிரப்பிக் கொடுப்பது இரண்டாவது. தீ ஓய்ந்தபின் புகைந்துகொண்டிருக்கும் கட்டைகளை அணைப்பது மூன்றாவது. இதைப் பற்றிக் கீழே தனியாக வருகிறது.

நான்காவது ஒன்று உண்டு. மேலே கொப்பு அடிக்கிறவர்களுக்குக் குடிதண்ணீர். பங்குனி வெயிலில், தீயின் சூட்டில், மணிக்கணக்காக நிற்கிறவர்கள். நல்ல எண்ணத்தில் ஐயாயிரம் லிட்டர் டேங்கரை அனுப்பிவிட்டு, குடிக்க ஒரு கேன் தண்ணீர் வைக்க மறந்துபோகிற ஊர்கள் உண்டு.

ஊர் ஓரத்தை நனைக்க எவ்வளவு தண்ணி பிடிக்கும்?

சருகும் புல்லும் ஓரளவு நனைய சதுர மீட்டருக்கு 2 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் ஓரம் 500 மீட்டர், நனைக்கும் அகலம் 4 மீட்டர் என்றால் 2,000 சதுர மீட்டர். 4,000 லிட்டர். ஒரு டிராக்டர் டேங்கருக்குக் கொஞ்சம் குறைவு. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது.

ஆனால் சித்திரை மதியத்தில் அந்த ஈரம் ஒன்றிரண்டு மணி நேரம்கூட நிற்காது. இரண்டு முறை, மூன்று முறை நனைக்க வேண்டிவரும். தீ எப்போது இறங்கும் என்று யாருக்கும் தெரியாது என்பதால் காலையிலேயே நனைத்துவிட்டு மதியம் காலி டேங்கரோடு நிற்பதும் நடக்கும். அதனால் புல்லை வெட்டி ஒதுக்குவதை முதலில் செய்யுங்கள், தண்ணீரைப் பிறகு ஊற்றுங்கள். செதுக்கிய மண்ணில் எரிய எதுவும் இல்லை, அதற்கு ஈரமும் வேண்டாம்.

எங்க கண்மாய் மார்ச் மாசமே காஞ்சிடுது. தண்ணிக்கு எங்க போறது?

இதுதான் உண்மையான சிக்கல். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். கண்மாய் நிறைவது அப்போது. தீ எரிவது மாசியிலிருந்து வைகாசி வரை. அதாவது தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும்போதுதான் தீ வருகிறது. பாலமேடு பக்கம் சாத்தையாறு அணை இருக்கிறதே என்பார்கள். மழை பொய்த்த வருடத்தில் அங்கே கோடையில் போய்ப் பாருங்கள், மாடு மேய்ந்துகொண்டிருக்கும்.

ஆகவே தண்ணீர்க் கணக்கைத் தை மாதம், பொங்கல் முடிந்த கையோடு எடுக்க வேண்டும். அடிவாரத்திலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் கோடையிலும் வற்றாத கிணறு யாருடையது? எந்தத் தென்னந்தோப்பில் போர் ஓடுகிறது? மோட்டார் எத்தனை குதிரைசக்தி, மும்முனை மின்சாரம் எந்த நேரம் வரும், டீசல் இன்ஜின் யாரிடம் இருக்கிறது, டேங்கர் உள்ளே போய்த் திரும்ப வழி இருக்கிறதா? ஒரு தாளில் எழுதி வனக்காப்பாளருக்கு ஒரு நகல், பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு நகல், ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒன்று. தோட்டக்காரரிடம் முன்பே ஒரு வார்த்தை கேட்டு வைத்துவிடுங்கள். ராத்திரி பதினோரு மணிக்குக் கேட்டைத் தட்டி "அண்ணே, மோட்டார் போடுங்க" என்று நின்றால் அவருக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம். மோட்டார் ரூம் சாவி எங்கே இருக்கும் என்பதையும் கேட்டு வையுங்கள். தோட்டக்காரர் மதுரையில் குடியிருப்பார், சாவி அவர் பையில் இருக்கும்.

பணம் புரட்ட முடிகிற ஊர் என்றால் அடிவாரத்தில் ஒரு சிமெண்ட் தொட்டி கட்டுவது நல்லது. முடியாவிட்டால் ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிகள் இரண்டு மூன்றை நிழலில் வைத்து, மூடி போட்டு, மாசியில் நிரப்பிவிடுங்கள். மூடி இல்லாவிட்டால் கொசு பெருகும், குரங்கும் விழும்.

கிணத்துல தண்ணி கிடக்கு. தீயணைப்பு வண்டியே உறிஞ்சிக்காதா?

பெரும்பாலும் முடியாது. இதைக் கேட்டால் நிறையப் பேர் நம்ப மறுக்கிறார்கள். மேலே நிற்கும் பம்ப் தண்ணீரைத் தானாக இழுப்பதில்லை. குழாயிலிருந்து காற்றை வெளியேற்றும், வெளியே உள்ள காற்றழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளும். அந்த அழுத்தத்தால் கணக்குப்படி பத்து மீட்டருக்குச் சற்று மேல்வரைதான் தள்ள முடியும். நடைமுறையில் ஏழு மீட்டர், அதாவது இருபத்துமூன்று அடி. எவ்வளவு பெரிய இன்ஜினாக இருந்தாலும் இதே கதைதான்.

நம் பக்கத்துக் கிணறுகளில் கோடையில் தண்ணீர் ஐம்பது அடிக்குக் கீழே கிடக்கும். ஆகவே கிணற்று மோட்டாரைப் போட்டுத் தரையில் உள்ள தொட்டியை நிரப்புங்கள். வண்டி அந்தத் தொட்டியிலிருந்து உறிஞ்சட்டும். கிணற்றடியில் தொட்டி இல்லாவிட்டால் குழி வெட்டித் தார்ப்பாய் விரித்தாலும் போதும்.

இன்னொன்று, குழாய் இணைப்பு. தீயணைப்புத் துறையின் ஹோஸ் 63 மில்லிமீட்டர், இரண்டு முனையிலும் உலோக இணைப்பான் இருக்கும், தள்ளினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். நம் தோட்டத்துக் குழாய் பிவிசி, கிளிப்பும் ரப்பரும் போட்டு முறுக்கியது. இரண்டும் ஒன்றோடொன்று சேராது. உங்கள் மோட்டாரின் வெளியேற்றுக் குழாய் அளவைச் சொல்லி, அந்த இணைப்பான் பொருத்திய ஒரு துண்டுக் குழாயை மதுரையில் ஹார்டுவேர் கடையிலோ லேத்திலோ செய்து வைத்துக்கொள்ளலாம். தீ வருவதற்கு முன்பே தீயணைப்பு நிலையத்தில் ஒருமுறை மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஓவர்ஹெட் டேங்க் தண்ணிய எடுத்துட்டா ஊர் குடிக்க என்ன பண்ணும்?

நியாயமான கேள்வி. ஊராட்சித் தொட்டிகள் பெரும்பாலும் முப்பதாயிரம், அறுபதாயிரம் லிட்டர் அளவில் இருக்கும். தீயணைப்பு வண்டி ஒன்றுக்குச் சுமார் நாலாயிரத்து ஐந்நூறு லிட்டர். இரண்டு மூன்று தடவை நிரப்பினால் ஊர் காய்ந்துவிடாது. பாதிக்குக் கீழே இறங்கவிடுவதில்லை என்று முன்கூட்டியே பேசி முடிவெடுத்து வைத்தால் சண்டை வராது. தீ நேரத்தில் மோட்டாரையும் தொடர்ந்து ஓட விடுங்கள்.

மேல்தொட்டியின் பெரிய வசதி, கரண்ட் போனாலும் தண்ணீர் தானாக இறங்கும். ஆனால் தொட்டிக்கு அடியில் உள்ள அந்த கேட் வால்வை ஒருமுறை போய்ப் பாருங்கள். செங்கல் குழிக்குள், சருகும் பாலிதீன் பையும் மூடி, சக்கரம் துருவேறி, நாலு பேர் கம்பி போட்டு நெம்பினாலும் அசையாமல் இருக்கும். தொட்டி இயக்குகிறவர் தெருவுக்குப் போகும் வால்வைத்தான் தினமும் திறப்பார். வண்டிக்கு நிரப்பும் வாய் தனியாக இருந்தால் அதைத் திறந்து வருடக்கணக்காகியிருக்கும். தை மாதம் கிரீஸ் போட்டுத் திறந்து மூடிப் பாருங்கள்.

எங்க டிராக்டர் டேங்கர அனுப்புறோம். எதுவரைக்கும் போகலாம்?

வண்டி திரும்ப இடம் உள்ளவரை. அதற்கு மேல் ஒரு அடிகூட வேண்டாம். ஐயாயிரம் லிட்டர் என்றால் ஐந்து டன். பாதி காலியான டேங்கரில் தண்ணீர் அலைமோதும், சரிவில் அது டிராக்டரைப் புரட்டிவிடும். நிறுத்தும்போதே வந்த வழியைப் பார்த்துத் திருப்பி நிறுத்துங்கள். காய்ந்த புல் மேல் நிறுத்தாதீர்கள், சைலன்சர் சூட்டில் அங்கேயே புதுத் தீ பிடிக்கும். ஓட்டுநர் வண்டியை விட்டுப் போகக் கூடாது, சாவி வண்டியிலேயே இருக்கட்டும்.

டேங்கர் எண்ணிக்கையைவிடச் சுற்றுநேரம் முக்கியம். நிமிடத்துக்கு 200 லிட்டர் தரும் மோட்டாரில் நிரப்ப 25 நிமிடம், போக 15, இறக்க 20, திரும்ப 15. ஒரு சுற்று ஒன்றேகால் மணி நேரம். அதாவது ஒரு டேங்கரிலிருந்து நிமிடத்துக்குச் சராசரியாக 67 லிட்டர்தான் போய்ச் சேருகிறது. ஒரே கிணற்றில் நாலு டேங்கர் வரிசையில் நிற்பது வீண். வேறு வேறு கிணறுகளுக்குப் பிரித்து அனுப்புங்கள். அடிவாரத்தில் ஒரு தொட்டி இருந்தால் டேங்கர் அதில் கொட்டிவிட்டு உடனே திரும்பலாம், அந்த இருபது நிமிடத்தில் பெரும்பகுதி மிச்சம்.

மருந்தடிக்கிற மிஷின்ல தண்ணி அடிக்கலாமா?

அடிக்கலாம், நல்ல சாமான் அது. முதுகில் மாட்டும் பேட்டரி ஸ்பிரேயர் 16 லிட்டர் பிடிக்கும். பெரிய சுவாலையை அது ஒன்றும் செய்யாது. ஆனால் கொப்பால் அடித்துச் சென்ற கோட்டின் பின்னாலேயே ஒருவர் நடந்து, மிச்சமிருக்கும் கங்குகளில் பீச்சிக்கொண்டே போனால் தீ திரும்ப எழாது. இரண்டு பேர் அடிக்க, ஒருவர் பீச்ச என்று சேர்ந்து போவது சரியாக இருக்கும்.

களைக்கொல்லி, பூச்சிமருந்து அடித்த மிஷின் என்றால் நன்றாக மூன்று முறை கழுவி, நாசில் வழியாகவும் வெறும் தண்ணீரை ஓடவிட்டுப் பிறகு எடுங்கள். மிச்சமிருக்கும் மருந்து சூட்டில் ஆவியாகி மூச்சில் போகும். போகிறவர்கள் பருத்திச் சட்டை, பேண்ட், தோல் செருப்பு அல்லது ஷூ போட்டுக்கொள்ளுங்கள். நைலான் துணி உருகித் தோலில் ஒட்டும், ரப்பர் செருப்பு கங்கில் இளகிவிடும். வனத்துறை ஆள் இல்லாமல் காப்புக்காட்டுக்குள் போகாதீர்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், வழி தெரிந்தவர் அவர்தான்.

பெரிய மோட்டார் போட்டு மலை மேல ஹோஸ் இழுத்துட்டா என்ன?

நாகமலை மாதிரி ஊரை ஒட்டிய மலையைப் பார்த்தால் இந்த யோசனை வரத்தான் செய்யும். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோ அழுத்தம் செலவாகும். நூறு மீட்டர் ஏற்றினால் பத்து கிலோ அங்கேயே போச்சு, ஹோஸுக்குள் உரசலில் போவது தனி. மோட்டார் மேல் உள்ள தகட்டில் 'ஹெட்' என்று எத்தனை மீட்டர் போட்டிருக்கிறது என்று பாருங்கள், அதற்கு மேல் போகப் போகத் தண்ணீர் குறைந்து நின்றுபோகும்.

எடையும் இருக்கிறது. 63 மில்லிமீட்டர் ஹோஸில் மீட்டருக்கு மூன்று லிட்டர் தண்ணீர் நிற்கும். நூறு மீட்டர் நிரம்பிய ஹோஸ் முந்நூறு கிலோ. பாறையில் இழுத்தால் கிழியும், கங்கில் பட்டால் ஓட்டை விழும். அடிவாரத்திலிருந்து முப்பது, அறுபது மீட்டர்வரை இழுப்பது சரி. அதற்கு மேல் ஸ்பிரேயர்தான்.

தண்ணியில சோப்பு கலந்தா நல்லா அணையும்கிறாங்களே?

உண்மைதான். காய்ந்த சருகில் வெறும் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்தால் பரவி உள்ளே இறங்கும். ஸ்பிரேயருக்கு ஒரு மூடி அளவு போதும். ஓடை, ஊற்று, விலங்குகள் குடிக்கும் தொட்டி இவற்றின் பக்கம் மட்டும் இதை அடிக்காதீர்கள்.

வனத்துறை காட்டுக்குள்ள கட்டி வச்சிருக்கிற தொட்டியில தண்ணி இருக்கே, எடுத்துக்கலாமா? அழகர்மலைன்னா நூபுர கங்கை இருக்கே?

காட்டுத் தொட்டி கோடையில் காட்டுமாடும் மானும் குடிக்க நிரப்பி வைப்பது. தீக்குத் தப்பி ஓடிவருகிற விலங்கு தேடுவதும் அதைத்தான். வனக்காப்பாளர் எடுக்கச் சொன்னால் எடுங்கள், இல்லாவிட்டால் தொடாதீர்கள்.

நூபுர கங்கை கோயில் தீர்த்தம் என்பது ஒருபக்கம். வற்றாத ஊற்றுதான், ஆனால் வற்றாதது வேறு, வண்டி நிரப்பும் வேகத்தில் வருவது வேறு. அந்த மலையில் தீ என்றால் அடிவாரத்தில் உள்ள குழாய்க் கிணறுகளை நம்புவதே நடைமுறை.

கரண்ட் கம்பி போற எடத்துல தண்ணி அடிக்கலாமா?

கூடாது. மின்வாரியத்துக்குச் சொல்லி லைனை நிறுத்தியது உறுதியான பிறகுதான். இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. அந்த லைனை நிறுத்தினால் அதே லைனில் ஓடும் கிணற்று மோட்டாரும் நின்றுபோகும். மேலே தை மாதப் பட்டியலில் டீசல் இன்ஜினைச் சேர்க்கச் சொன்னது இதற்காகவும்தான்.

குன்னூருல ஹெலிகாப்டர்ல ஊத்துனாங்களே, நமக்கு ஏன் வரல?

2024 மார்ச்சில் குன்னூர் காட்டுத் தீக்கு சூலூரிலிருந்து விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர் வந்து, கீழே தொங்கும் பெரிய வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றியது உண்மை. அது மாவட்ட நிர்வாகமும் மாநில அரசும் கேட்டு வருவது, ஊர் கூப்பிட்டு வருவதில்லை. தரையிலிருந்து போக முடியாத, நாள்கணக்கில் எரிகிற பெரிய தீக்குத்தான் கேட்பார்கள்.

வந்தாலும் வாளியை முக்கி எடுக்க ஆழமான, மரமும் கம்பியும் இல்லாத நீர்நிலை பக்கத்தில் வேண்டும். பங்குனியில் நம் கண்மாய்கள் இருக்கும் நிலை தெரியும். வைகை அணையைத்தான் பார்க்க வேண்டிவரும், ஒவ்வொரு நடைக்கும் அவ்வளவு தூரம். மேலிருந்து கொட்டுவது சுவாலையைத் தணிக்கும், அவ்வளவே. பிறகு கொப்பும் ஸ்பிரேயருமாக ஆட்கள் போய்த்தான் முடிக்க வேண்டும்.

நேத்து அணைச்ச எடம் இன்னிக்கு மறுபடி எரியுதே, எப்படி?

அணையவில்லை, ஒளிந்திருந்தது. பட்டுப்போன மரத்தின் தூர், பனங்கட்டை, காய்ந்த சாணிக் குவியல், வேர் போன பொந்து இவற்றில் தீ நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மறுநாள் பதினொரு மணிக்கு வெயிலும் காற்றும் ஏறியதும் பொறி பறந்து எரியாத புல்லில் விழும். ஊர்த் தண்ணீரை அதிகம் செலவழிக்க வேண்டியது இங்கேதான். பெரும்பாலான ஊர்களில் இதற்குள் டேங்கரைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

எரிந்த எல்லையிலிருந்து உள்ளே பத்திருபது மீட்டர்வரை கட்டை கட்டையாகப் பாருங்கள். கட்டையைப் புரட்டி, மண்வெட்டியால் கிளறி, தண்ணீர் ஊற்றி, மறுபடி கிளறி, மறுபடி ஊற்ற வேண்டும். மேலே மட்டும் ஊற்றினால் ஆவி கிளம்பும், உள்ளே சிவப்பு அப்படியே இருக்கும். பிறகு புறங்கையைக் கட்டைக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் வேலை முடியவில்லை. இருட்டிய பிறகு ஒரு சுற்று நடந்தால் பகலில் தெரியாத கங்கெல்லாம் கண்ணில் படும்.

பத்த வச்சதே நம்ம ஆளுங்கதான்னா, அத எப்படிச் சொல்றது?

தோட்டத்து ஓரம் குப்பை எரித்தது, மழைக்கு இளம்புல் முளைக்கட்டும் என்று மேய்ச்சலுக்காக வைத்தது, தேன் எடுக்கப் போட்ட புகை, பீடித்துண்டு. பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது, எல்லோருக்கும் தெரியும். காப்புக்காட்டில் தீ வைப்பது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். அந்தப் பயத்தில்தான் தகவல் சொல்லாமல் விடுகிறார்கள், தீயும் வளர்கிறது. யார் வைத்தது என்று போனில் யாரும் சொல்ல வேண்டியதில்லை. எங்கே எரிகிறது என்று சொன்னால் போதும்.

தோட்டக் கழிவை எரித்தே ஆக வேண்டும் என்றால் மாசிக்கு முன்னால், காற்றில்லாத அதிகாலையில், சுற்றி மண் செதுக்கி, நிரம்பிய இரண்டு ஸ்பிரேயர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். மட்க வைப்பதே நல்லது என்பது என் கட்சி.

டீசல், டேங்கர் வாடகை எல்லாம் யார் தருவா?

தீ அணைந்த பிறகு கேட்டால் ஆளுக்கு ஆள் கை காட்டுவார்கள். தை மாதப் பட்டியல் போடும்போதே வனச்சரக அலுவலகத்திலும் ஊராட்சியிலும் பேசி, எதற்கு யார் பொறுப்பு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தீ நேரத்தில் வண்டி எண், நடை, நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து, அங்கிருக்கும் வனவரிடம் அன்றே கையெழுத்து வாங்கிவிடுங்கள். சில ஊர்களில் கோயில் கணக்கிலிருந்து டீசலுக்குக் கொடுத்துவிட்டுப் பேச்சை முடித்துவிடுகிறார்கள், அதுவும் ஒரு வழி.

தண்ணியும் தீர்ந்துபோச்சு, தீ ஊர்ப்பக்கம் இறங்குது. அப்ப என்ன பண்றது?

தண்ணீருக்காகக் காத்து நிற்காதீர்கள். மாடு, ஆடுகளை அவிழ்த்துவிடுங்கள். அடுப்பை அணைத்துச் சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, வயதானவர்களையும் குழந்தைகளையும் முதலில் ரோட்டுப் பக்கம் கொண்டுபோங்கள். படப்பு போனால் போகட்டும். உழுத வயல், ஏற்கெனவே எரிந்து ஆறிய இடம், தார் ரோடு இவை பத்திரமானவை. காய்ந்த கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் மண்டியிருந்தால் அங்கே போகாதீர்கள்.

எக்காரணம் கொண்டும் மேல்நோக்கி ஓடக் கூடாது. சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். 2018 மார்ச் 11 அன்று போடிக்குப் பக்கத்தில் குரங்கணி மலையில் மலையேற்றம் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல், சரிவு, காற்று மூன்றும் சேர்ந்தால் மனிதக் காலால் தீயை முந்த முடியாது.

ரோட்டில் கூடியதும் வீட்டுக்கு வீடு ஆள் கணக்கெடுங்கள். யாராவது வரவில்லை என்றால் அங்கிருக்கும் வனத்துறையினரிடமோ தீயணைப்புத் துறையினரிடமோ பெயரையும் கடைசியாகப் பார்த்த இடத்தையும் சொல்லுங்கள். தேடுகிறேன் என்று யாரும் தனியாக மேலே ஏற வேண்டாம்.